எனக்குக் கிடைக்காத நாற்காலி

ஜூன் 4

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம், என் மானத்தைத் தவிர. நேற்று எங்கள் அலுவலகத்துக்குப் புது டைரக்டர் அம்மா வந்தார். படியேறி வந்தவர், சுவரில் மாட்டியிருந்த தீயணைப்பு சிலிண்டரையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். சிலிண்டர் நிரப்பும் கம்பெனியிலிருந்து வந்தவர் என்று நினைத்துவிட்டேன். "இப்பதான் வழி தெரிஞ்சுதாம்மா? எத்தனை தடவை போன் பண்றது உங்க ஆளுங்களுக்கு?" என்று ஒரு பாட்டம் திட்டி, மாடி முழுக்கக் கூட்டிக்கொண்டு போய் எல்லா சிலிண்டரையும் காட்டினேன். பொறுமையாகப் பார்த்தார். ஒன்றில்கூட அழுத்தம் காட்டும் முள் பச்சையில் இல்லை. "இங்க ஒண்ணு குறையுதே?" என்றார். அதைத்தான் நான் வகுப்பெடுக்கும் அறைக் கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்தேன். ரசாயன ஆலைகளுக்குப் பாதுகாப்பு சொல்லித்தரும் தொண்டு நிறுவனம், அக்கா, நாங்கள்!

"நீங்க யாரு?" என்றார்.

"சீனியர் பயிற்சியாளர்."

"நான் புது டைரக்டர்."

பூமி பிளக்குமென்று பார்த்தேன். பிளக்கவில்லை.

அந்த நாற்காலிக்கு நானும் விண்ணப்பம் போட்டு, என்னைக் கழித்துவிட்டு இவரைக் கொண்டுவந்திருக்கிறார்கள். நினைத்தால் வயிறு எரிகிறது. இந்த மாதமே என் சீட்டு கிழியும், பார்.

உன் தம்பி

ஜூன் 9

அன்புத் தம்பிக்கு,

நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். தொழிற்சாலை இன்ஸ்பெக்டராக இருந்து ரிடையர் ஆனவளுக்குத் தம்பியாகப் பிறந்து, சிலிண்டரைக் கதவுக்கா முட்டுக் கொடுப்பாய்? அதை எடுத்தாயா இல்லையா, எழுதவில்லையே. என் முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன். கேலி போதும். அந்த அம்மா என்ன செய்கிறார், அதை எழுது.

அக்கா

ஜூன் 20

அன்புள்ள அக்காவுக்கு,

எடுத்துவிட்டேன். கதவு இப்போது தானாகச் சாத்திக்கொண்டு என் முதுகில் அறைகிறது. முழங்காலுக்குத் தைலம் அனுப்புகிறேன்.

அந்த அம்மா என்ன செய்கிறார் என்று எங்களுக்கே விளங்கவில்லை. திட்டுவதில்லை. யாரையும் மாற்றவில்லை. திங்கள்தோறும் எல்லோரையும் உட்காரவைத்து ஒரே கேள்வி: "போன வாரம் நடக்க இருந்து நடக்காம போன விபத்து என்ன?" கணக்கர் எழுந்து, "சம்பளந்தாங்கம்மா நடக்காம போச்சு" என்றார். அதையும் குறித்துக்கொண்டார்! யாரை யார் காட்டிக்கொடுக்க இந்தக் கேள்வி என்று மாடி முழுக்கக் குசுகுசு.

வியாழக்கிழமை என்னை மட்டும் வண்டியில் ஏறச் சொன்னார். கணக்கு தீர்க்கத்தான் என்று சாப்பாட்டு டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டேன். வண்டி போய் நின்றது ஒரு வீட்டில். ரசாயனத் தொட்டியைக் கழுவ இறங்கி, விஷவாயுவில் இறந்துபோன தொழிலாளியின் வீடு. அந்த அம்மா உள்ளே போய் அவர் மனைவியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். பேசவே இல்லை. நான் வெளியே நின்று டிரைவருக்கு ஏதோ கதை சொல்லிச் சிரிக்கவைத்துக்கொண்டிருந்தேன். திரும்பும்போது, "அடுத்த தடவை உள்ள வாங்க" என்றார். தண்டனையா, நம்பிக்கையா? ஒரு மண்ணும் புரியவில்லை.

தேர்வுக் குழுவில் உனக்குத் தெரிந்தவர்கள் இருக்கிறார்களே. நான் எதில் குறைந்துபோனேன் என்று ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லேன்.

உன் தம்பி

ஜூன் 26

தம்பிக்கு,

கேட்க வேண்டியதே இல்லை. அவர்கள்தான் என்னிடம் கேட்டார்கள், "உங்க தம்பியைப் போடலாமா?" என்று. வேண்டாம் என்றது நான்தான்.

உன் அத்தான் ஆலை விபத்தில் போன அன்று, துக்கத்துக்கு வந்தவர்களையெல்லாம் வாசலில் நின்று சிரிக்கவைத்தாய். தைரியமான பிள்ளை என்று எல்லோரும் மெச்சினார்கள். நான் உள்ளே தனியாக இருந்தேன். நீ உள்ளே வரவே இல்லை. அந்த நாற்காலியில் உட்காருகிறவர் முதலில் அப்படிப்பட்ட வீட்டுக்குள் போகவேண்டும், தம்பி. உன்னால் ஆகாதென்று நினைத்தேன். கோபத்தில் சொன்னேனோ, உன்னைப் பற்றிய பயத்தில் சொன்னேனோ, எனக்கே தெரியவில்லை.

பதில் போடு. திட்டியாவது போடு.

அக்கா

ஜூலை 15

அக்காவுக்கு,

பேனாவை எடுப்பதும் மூடுவதுமாக இருந்தேன். திங்கட்கிழமை டைரக்டர் வழக்கமான கேள்வியைக் கேட்டபோது, "அக்காவுக்கு லெட்டர் போடலைங்க" என்று உளறிவிட்டேன். யாரும் சிரிக்கவில்லை. "அது நடந்துக்கிட்டே இருக்கற விபத்து. போய் எழுதுங்க" என்றார்.

அத்தான் போன அன்றைக்கு நிலைப்படி வரை வந்தேன், அக்கா. உன் குரல் கேட்டது. கால் நகரவில்லை, வாய்தான் ஓடியது. நீ சொன்னது நியாயம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன்.

ஆனால் ஒரு சின்ன விஷயம். நான் அந்த வேலைக்கு விண்ணப்பமே போடவில்லை. கிடைக்காவிட்டால் கேவலம் என்று சும்மா இருந்துவிட்டு, உன்னிடம் போட்டதாக அளந்தேன். அவர்களாகவேதான் என்னைப் போடலாமா என்று உன்னிடம் கேட்டிருக்கிறார்கள்.

உன் தம்பி