உன்னிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை

என் கோமதியக்காவுக்கு,

யார் யாரோ படிக்கப் போகிறார்கள் என்று தெரியும். ஆனாலும் இதை உனக்குத்தான் எழுதுகிறேன்.

உன் ரதவீதித் தையல் கடையை இப்போது நான்தான் பார்க்கிறேன். போன மாதம் உன் பழைய வாடிக்கைக்காரி ஆயிஷா கடையநல்லூரிலிருந்து வந்தாள். துபாயில் இருந்த அவள் புருஷனுக்கு உனக்கு வந்த அதே நோயாம். இரைப்பையில் நிணநீர்ப் புற்றுநோய். மெட்ராஸில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள்.

"கத்தியே வைக்கலக்கா. ஊசி மருந்துலயே கட்டி கரைஞ்சிட்டு. இப்ப நல்லா சாப்பிடுதாவ" என்றாள்.

சந்தோஷப்படத்தான் வேண்டும். என்னால் முடியவில்லை. அவளை உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே போய் அழுதேன்.

நினைவிருக்கிறதா அக்கா? அல்சர் அல்சர் என்று எவ்வளவு மருந்து குடித்தாய். கடைசியில் மதுரை ஆஸ்பத்திரியில் குழாய் விட்டு, சதை எடுத்துப் பார்த்துத்தான் இன்னதென்று சொன்னார்கள். அங்கேயும் இரண்டு டாக்டர்கள், இரண்டு வழி.

இளம் டாக்டரம்மா, "இந்த வகைக் கட்டி ஊசி மருந்துக்குக் கரையும். முதல்ல அதைப் பாப்போம்" என்றார்.

பெரிய சர்ஜன் ஒத்துக்கொள்ளவில்லை. "கரையும்போது இரைப்பையில ஓட்டை விழுந்தா? ரத்தம் கொட்டுனா? வெட்டி எடுத்துட்டுத்தான் மத்தது."

இரண்டு பேரும் அத்தானிடம்தான் பேசினார்கள். நீ உள்ளே கட்டிலில் கிடந்தாய். ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து அத்தான் சொன்னபோது, "வயிறு என்னுது. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியளா?" என்றாய்.

"ஒனக்கு என்ன தெரியும்? சும்மா கெட. வெட்டி எறிஞ்சா தீந்துது" என்றார்.

தீர்ந்தது. இரைப்பையில் பெரும்பகுதி போயிற்று. நாலு வாய் கஞ்சி குடித்தால் வேர்த்துக் கொட்டி மயக்கம் வந்துவிடும். தொளதொளத்துப் போன ரவிக்கைகளை நீயே பிரித்து, பிடித்துத் தைத்துக்கொண்டாய். மிச்சமிருந்த நோய்க்கு ஊசி போட வேண்டிய நேரம் வந்தபோது, "இந்த உடம்பு தாங்காதும்மா" என்று டாக்டரம்மா கையை விரித்துவிட்டார். அதற்குப் பின் நீ அதிக நாள் இருக்கவில்லை.

அத்தான் இன்றைக்கும், "பெரிய டாக்டரையே வச்சிப் பாத்தோம்லா" என்கிறார். அதைக் கேட்டுக்கொண்டு எனக்கு எப்படி அக்கா சோறு இறங்கும்?

ஆயிஷா வந்து போனபின் மதுரைக்குப் போய் டாக்டரம்மாவையே கேட்டேன். "ஊசி மட்டும் போட்டிருந்தா எங்க அக்கா இருந்திருப்பாளா?"

"தெரியலம்மா. ஓட்டை விழுந்து அப்பவே போயிருக்கவும் செய்யலாம். ஆபரேஷன் பண்ணி நல்லா இருக்கிறவங்களும் இருக்காங்க" என்றார்.

சர்ஜனைத் திட்டலாம் என்று போனவள், அதுவும் இல்லாமல் பஸ் ஏறினேன். அவர் பயந்ததில் நியாயம் இருந்ததாம். இருக்கட்டும். உன்னைக் கேட்காமல் விட்டதில் என்ன நியாயம்?

இன்னொரு சேதி. உன் மகள் ராணிக்குத் தொண்டையில் சதை வளர்ந்து அடிக்கடி காய்ச்சல். வெட்டியும் எடுக்கலாம், மாத்திரை கொடுத்தும் பார்க்கலாம் என்றார் இங்குள்ள டாக்டர். அத்தான் வாயைத் திறக்குமுன் நான் முந்திக்கொண்டேன். "பிள்ளைக்கு வெளங்குத மாதிரி சொல்லுங்க டாக்டர். அவ என்ன சொல்லுதாளோ அதான்."

அத்தான் முறைத்தார். டாக்டர் நாற்காலியை அவள் பக்கம் திருப்பிப் போட்டு இரண்டையும் விளக்கினார். வலிக்குமா, திரும்ப வளருமா, பரீட்சைக்குப் போகலாமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். கடைசியில், "வெட்டிருங்க" என்றாள்.

எனக்கு உன் ஆபரேஷன்தான் நினைவுக்கு வந்தது. ஆனாலும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

நாளைக்கு ஆபரேஷன். அவள் கண் விழிக்கும்போது பக்கத்தில் இருப்பேன். இனி எந்த டாக்டர் என்ன சொன்னாலும் அவள் காதுக்கு வராமல் போகாது. அதற்கு நான் பொறுப்பு. அத்தானை மன்னிப்பேன் என்று மட்டும் எதிர்பார்க்காதே.

உன் கூடப்பிறந்தவள்,
ராணியின் சித்தி