டாங்கிக்கு அடியில் ஒரு லெப்டினன்ட்

ராயபுரம், திருப்பூர்
14.6.2004

அன்புள்ள மகன் பூபதிக்கு அப்பா எழுதுவது.

நல்லபடியாக ஊர் வந்து சேர்ந்தேன். வந்ததும் வராததுமாக உன் அம்மா, "பையன் எப்படி இருக்கறானுங்க?" என்று கேட்டாள். என்னத்தைச் சொல்ல? மகன் ராணுவத்தில் லெப்டினன்ட் என்று ராயபுரம் முழுக்கத் தம்பட்டம் அடித்தவன் நான். வடக்கே பபீனா முகாமுக்கு வந்து பார்த்தால் நீ டாங்கிக்கு அடியில் மல்லாந்து கிடக்கிறாய், உடம்பெல்லாம் கிரீஸ். உனக்குக் கீழே வேலை பார்க்க வேண்டிய தபேதார் பல்வந்த் மேலே உட்கார்ந்து உன்னை அதட்டுகிறான். நீயும் "உஸ்தாத், உஸ்தாத்" என்று பணிந்து நிற்கிறாய். படுக்கைகூடச் சிப்பாய்களோடுதானாம். எனக்கு மானமே போய்விட்டது.

இங்கே நம் பனியன் கம்பெனிக்குள் நான் நுழைந்தால் அத்தனை பேரும் எழுந்து நிற்கிறார்கள். அந்த நாற்காலி உனக்குத்தான். ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு ஆடி பிறக்கும் முன் வந்து சேர், கண்ணு.

அப்பா,
சென்னியப்பன்

பபீனா
27.6.2004

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம்.

அம்மா கொடுத்தனுப்பிய முறுக்கை எல்லோரும் சேர்ந்து ஒரே மாலையில் காலி செய்துவிட்டோம்.

நீங்கள் பார்த்தது தண்டனை இல்லை, இங்கத்திய வழக்கம். புதிதாக வரும் அதிகாரி சில மாதம் சிப்பாய்களோடு தங்கி, டாங்கி ஓட்டவும் சுடவும் சங்கிலிப் பட்டை மாட்டவும் அவர்களிடமே கற்க வேண்டும். நான் தேறிவிட்டதாக என் உஸ்தாத், அதாவது வாத்தியார், பல்வந்த் சொன்னால்தான் எனக்கு டாங்கிகளின் தலைமை கிடைக்கும். புழுதி கிளம்பினால் டிரைவருக்கு எதிரே ஒன்றும் தெரியாது. டாங்கி மேலே நிற்கும் அதிகாரி "போ" என்றால், பள்ளமா மேடா என்று கேட்காமல் போவான். டிரைவர் இடத்தில் உட்கார்ந்து பார்க்காதவன் அந்த வார்த்தையைச் சொல்லக் கூடாது.

நம் கம்பெனியில் பனியன் தைக்கும் சீனியம்மாள் விரலில் ஓவர்லாக் மெஷின் ஊசி ஏறியபோது, நீங்கள் கண்ணாடி அறையை விட்டு இறங்கவே இல்லை. "லைன் நிக்கக் கூடாது, பாத்துக்க" என்று சூப்பர்வைசரிடம் சொன்னீர்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன். அவர்கள் எழுந்து நிற்பது உங்கள் நாற்காலிக்கு. எனக்கு அந்த நாற்காலி வேண்டாம். ராஜினாமா எழுத மாட்டேன்.

உங்கள் மகன்,
பூபதி

ராயபுரம்
9.7.2004

பூபதிக்கு,

பெற்றவனுக்கே பாடம் எடுக்கிறாய். கணியூரில் இருந்த நம் காடு தோட்டத்தை விற்று நான் கட்டிய கம்பெனி இது. உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து உன் அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை. அதற்கு உன் தபேதார் ஏதாவது வழி வைத்திருக்கிறானா?

இத்துடன் விடுதலைப் பத்திரம் அனுப்பியிருக்கிறேன். கையெழுத்துப் போட்டால் கம்பெனியில் உனக்கு எந்தப் பாத்தியதையும் இல்லை, எல்லாம் நம் மாப்பிள்ளைக்கு. போட மனம் வராவிட்டால் ரயில் ஏறு. நீ ரயில்தான் ஏறுவாய், எனக்குத் தெரியும்.

சென்னியப்பன்

பபீனா
30.7.2004

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம்.

பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன். சாட்சிக் கையெழுத்து பல்வந்துடையது. போடும் முன், நன்றாக யோசித்தாயா என்று இரண்டு தடவை கேட்டார். யோசித்தேன். வருத்தமாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனாலும் போட்டேன்.

நான் தேறிவிட்டேன். மூன்று டாங்கிகள் இப்போது என் பொறுப்பில். நேற்றுப் பயிற்சியில் இரண்டு டாங்கிகள் காவல் நிற்க, என் டாங்கி ஓடையைத் தாண்ட வேண்டியிருந்தது. முதலில் நான் இறங்கி, சேற்றில் நடந்து பார்த்தேன். பிறகுதான் "போ" என்றேன். டிரைவர் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. அப்போது எனக்கு இருந்த சந்தோஷத்தை எந்தப் பத்திரத்திலும் எழுதி வாங்க முடியாது, அப்பா.

பொங்கலுக்கு லீவு கேட்டிருக்கிறேன். வருவேன். பங்கு கேட்க மாட்டேன், அம்மா கையால் சாப்பிட வருகிறேன். எனக்கு இலை போடுவதா வேண்டாமா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

உங்கள் மகன்,
பூபதி