முப்பத்துமூன்று அவுன்ஸ்

மார்ச் 4, லூயிவில்
அம்மா போனில் கேட்டாள்: "கட்டைய எடை போடவா நாலு வருஷம் காலேஜ்ல படிச்ச?" எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். சிரித்து மழுப்பினேன். ஆட்டத்தில் உண்மையாகவே ஆடிய பேஸ்பால் மட்டை எது, ஆடியதாகச் சொல்லிக் கொண்டுவருவது எது என்று பிரித்துச் சொல்வதும் ஒரு வேலை என்று அவளுக்கு எப்படி விளக்க?

மார்ச் 6
லூசியானா கடற்கரையிலிருந்து, முன்னாள் ஆட்டக்காரர் ஆர்வில் டகெட்டின் மட்டை வந்தது. 1974-இல் கடைசி ஆட்டத்தின் கடைசிப் பந்தை மைதானத்துக்கு வெளியே அனுப்பிய மட்டை என்கிறார். இப்போது எழுபத்தெட்டு வயது. அவருடைய ஊர் நூலகத்தில் வைக்க ஆசைப்படுகிறார். நாங்கள் சான்று தந்தால்தான் வைப்பார்கள்.

வழக்கம்போல மூன்று பேர் பார்க்கப் பிரித்தோம். பிரித்த கையோடு எடை. தாமதித்தால், நடுவில் மாற்றிவிட்டோம் என்று யாராவது கிளம்புவார்கள்.

என்ன மட்டை! பந்து பட்டுப் பட்டு ஒரே இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் பள்ளம். பந்தின் தையல்தடம்கூட அதில் இருக்கிறது. இத்தனை தடவை அதே இடத்தில் அடிக்க ஒரு மனிதருக்கு எப்படி முடிந்தது?

நீளம் முப்பத்தைந்து அங்குலம். அவருக்கு மட்டை செய்துகொடுத்த தொழிற்சாலையின் பதிவேட்டிலும் அதே. எடை 34.6 அவுன்ஸ். பதிவேட்டில் 33.

மார்ச் 7
பழைய மரம் காய்ந்து எடை குறையலாம், கூடாது. கைப்பிடியில் பூசிய பிசினுக்காக விட்டுக்கொடுத்தாலும் ஒன்றேகால் அவுன்ஸுக்கு மேல் இடிக்கிறது. "வேறு மட்டை" என்று எழுதிக் கையெழுத்திட்டேன். முதலாளி வென்டல் அந்த அறிக்கையை டகெட்டுக்குத் தபாலில் அனுப்பினார்.

மனசு வரவில்லை. அந்தப் பள்ளத்தை இன்னொரு முறை தடவிப் பார்த்தேன்.

மார்ச் 12
டகெட் போன் செய்தார். திட்டுவார் என்று நினைத்தேன். இல்லை. "நான் அடிச்சது இதாலதான், பொண்ணு. இதுதான் அந்த மட்டைன்னு ஊர்ல பாதிப் பேரு நம்பல. இனிமே மீதிப் பேரும் அவங்களோட சேர்ந்துக்குவாங்க." பத்திரமாகத் திருப்பி அனுப்பச் சொன்னார். நன்றி வேறு.

மார்ச் 13
கட்டி அனுப்பும் முன் மறுபடி எடை. 34.3.

34.3?

தராசில் படிக்கல்லை வைத்துப் பார்த்தேன். தராசு சரி. அப்படியென்றால் மட்டைதான் குறைகிறது. தண்ணீர்! கடலோரத்து ஈரம் — ஐயோ, வந்த அன்னிக்கே எடை போட்டுட்டோமே, ஊறிக்கிடந்த கட்டைய.

நான் வாயைத் திறக்காவிட்டால் நாளைக்குப் பார்சல் போய்விடும்.

மார்ச் 14
நாலு வருஷமும் வகுப்பில் ஒரு தடவைகூடக் கை தூக்காதவள் நான். வென்டலின் மேசை முன் நின்று, தப்பு என்னுடையது என்றேன். அவர் போனை என் பக்கம் தள்ளினார். அறிக்கையில் கையெழுத்துப் போட்டவளே டகெட்டிடம் பேசட்டும் என்றார்.

கையெழுத்துகளை ஆராயும் யோலாண்டா தன் நாற்காலியை எனக்குத் தள்ளிவிட்டாள். "அழுதுகிட்டே பேசாதடி. கெழவருக்குக் காது மந்தமா இருந்தா ஒண்ணும் விளங்காது."

டகெட் மட்டையை இருபது வருஷமாகப் படகுக் கொட்டகையில், இறால் வலைகளுக்கு நடுவில் வைத்திருந்தாராம். உலரும்வரை எங்களிடமே இருக்கட்டும், உலர்ந்தபின் எடை எங்கே நிற்கும் என்று தெரியாது, உங்களுக்கு எதிராகவும் நிற்கலாம் என்று சொல்லிவிட்டேன்.

"நிக்கட்டும். நானும் அந்தக் கொட்டகையிலதான் ஊதிப்போனேன்."

மார்ச் 21
33.9.

ஏப்ரல் 2
33.5. யோலாண்டா பந்தயம் கட்டக் கூப்பிடுகிறாள். மாட்டேன்.

ஏப்ரல் 18
33.2.

ஏப்ரல் 25
33.2. நின்றுவிட்டது! மேலே உள்ள 0.2 பிசினுக்குச் சரியாகப் போகும் என்கிறார் வென்டல். அந்த வருஷத்துப் புகைப்படம் ஒன்றில் இதே மர ரேகைகளை யோலாண்டா கண்டுபிடித்துவிட்டாள். பழைய அறிக்கையை ரத்து செய்து, சான்றிதழில் கையெழுத்திட்டேன். எழுத்து கோணல்.

மே 6
டகெட் மகளோடு நேரிலேயே வந்துவிட்டார். கைத்தடி ஊன்றித்தான் நடக்கிறார். மட்டையை நீட்டினேன். ஒரு கையால் வாங்கியவரின் முகம் மாறிப்போனது.

"லேசா இருக்கே. எதையாச்சும் சீவி எடுத்தீங்களா?"

"தண்ணி மட்டும்தான் போயிருக்கு, சார்."

ஒன்றரை அவுன்ஸ்கூட இல்லை. அந்த மணிக்கட்டுக்கு அது ஒரு நொடியில் தெரிந்துவிட்டது.

அவர் மட்டையை ஏற்றி இறக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "கொட்டகையில எப்பவாச்சும் எடுத்துப் பாப்பேன். வருஷத்துக்கு வருஷம் கனமாயிட்டே போச்சு. எனக்குத்தான் வயசாயிடுச்சுன்னு நெனச்சேன்."

கைத்தடியை மகளிடம் கொடுத்துவிட்டு, மட்டையை இரண்டு கையாலும் பிடித்துத் தோளுக்கு மேல் உயர்த்தினார். நாங்கள் மேசைகளை நகர்த்தினோம்.