தலைக்கனம்

அன்புள்ளவளுக்கு,

சோலோவில், உன் அப்பா வீட்டில் மழையா? சுரபாயாவில் வேர்த்துக் கொட்டுகிறது. உன் செடிகளுக்கு நின்றபடியே தண்ணீர் ஊற்றுகிறேன்.

நோன்புப் பெருநாளன்று ஜாவா வழக்கப்படி எல்லாரும் மண்டியிட்டு, உன் அப்பாவின் முழங்காலில் நெற்றி வைத்து மன்னிப்புக் கேட்டார்கள். நான் மட்டும் கை குலுக்கினேன். "டாக்டராச்சே, தலைக்கனம்! மாமனார் முன்னாடி குனிவாரா?" என்றான் உன் தம்பி விபோவோ. அப்பா கைலியைச் சரிசெய்துகொண்டார். அதன் பிறகு நீ என்னோடு காரில் ஏறவில்லை.

இருபது வருடமாக நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு அடுத்தவர் காதுக்குள் குனிந்தவன் நான். நோயாளியின் நாற்காலியை மிதித்து உயர்த்த அரை நிமிடம் ஆகும். வெளியே அறுபது பேர் காத்திருப்பார்கள். அதனால் நாற்காலி உயரவில்லை, என் கழுத்துதான் இறங்கியது.

நேற்று பிசியோதெரபி பெண் எதிரே உட்கார்ந்து, "தலையை இடப்பக்கம் திருப்புங்க" என்றாள். பழக்க தோஷம், அவள் தலையைப் பிடித்துத் திருப்பிவிட்டேன். "ஐயோ டாக்டர், என் தலையை இல்ல, உங்க தலையை!" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். என் கழுத்து ஸ்கேனைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

என் திங்கட்கிழமை அறுவை சிகிச்சைகளை இப்போது வேறொருவர் செய்கிறார். மரத்துப்போன என் கட்டைவிரலைப் பற்றி நேரில் சொல்கிறேன். பெருநாளன்றே கழுத்து வலியைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் கத்தியைக் கீழே வைக்கச் சொல்வாய் என்று பயம்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். மண்டியிட என்னால் முடியும். அப்பாவை மட்டும் கொஞ்சம் உயரமான நாற்காலியில் உட்காரவை.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்