தழும்பியும் சீமாட்டியும்

ஜூன் 2, ஞாயிறு

காலையில் அலைத்தடுப்புச் சுவரில் என் முறை. காற்று அதிகம், தண்ணீர் கலங்கல். ஒரு டால்பினும் தலைகாட்டவில்லை. 'பார்த்தேன், எதுவும் இல்லை' என்று எழுதுவதும் கணக்கில் சேரும் என்று குழுவில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான்தான் பாடம் எடுப்பேன். எடுக்கும்போது பெருமையாக இருக்கும். தனியாக உட்கார்ந்து வெறும் தண்ணீரை முறைத்துப் பார்க்கும்போது அப்படி இருக்காது.

வீட்டுக்கு வந்தால் கூடத்தில் என் ஓர்ப்படி. கொழுந்தனுக்கும் அவளுக்கும் இந்த ஊருக்கு மாற்றல் கிடைத்து, இப்போதுதான் வந்து இறங்கியிருக்கிறார்கள். "அக்கா, நானும் உங்க டால்பின் குழுவுல சேரலாமா?" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். "தாராளமா சேரும்மா. அவளுக்கும் ஒரு துணையாச்சு."

எனக்குத் துணை வேண்டும் என்று இவரிடம் யார் அழுதார்கள்? சரி, சேரட்டும். நாலு ஞாயிறு வெயிலில் காய்ந்தால் தானாகவே ஓடிப்போவாள்.

ஜூன் 9, ஞாயிறு

ஓடிப்போகிறவளா அவள்! வந்த முதல் நாளே ஒரு கூட்டம் அவள் காலடிக்கு வந்து துள்ளிவிட்டுப் போனது. நான் ஆறு வருஷமாக அந்தச் சுவரில் உட்கார்ந்து இடுப்பு வலி வாங்கியவள். எனக்கு ஒரு நாள் இப்படித் துள்ளியதுண்டா?

படங்கள் மட்டும் சுமார். அதைச் சொல்லியே ஆகவேண்டும். எங்கள் குழுவில் படம் எடுக்கிறவர்கள் பலர். எந்தப் படம் எந்த டால்பின் என்று பொருத்திப் பார்க்கிறவள் நான் ஒருத்திதான். முதுகுத் துடுப்பின் பின்விளிம்பில் உள்ள பள்ளம், வெட்டு, மேலே இருக்கும் தழும்பு, இவற்றை வைத்துத்தான் ஆளை அடையாளம் காண்போம். பகலெல்லாம் எலும்பு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிற கண் இது. குழுவைத் தொடங்கி நடத்திவரும் பேராசிரியர் சார் தன் கண் ஆபரேஷனுக்குப் பிறகு அந்தப் பொறுப்பை முழுசாக என்னிடமே விட்டுவிட்டார்.

ஜூன் 12, புதன்

"உனக்கு அவமேல பொறாமையா?" என்று கேட்கிறார் வீட்டுக்காரர். எனக்கா? அவளைப் பார்த்தா? நல்லா கேட்டாரு.

ஜூன் 23, ஞாயிறு

வெள்ளிக்கிழமை நடந்ததை இன்றைக்குத்தான் எழுத மனம் வருகிறது.

பள்ளிக்கூடத்தில் பேசப் போனோம். முதலில் நான். விசைப்படகின் விசிறி பட்டால் எப்படிக் காயமாகும், இரைச்சலில் தாயும் குட்டியும் ஒன்றை ஒன்று எப்படித் தவறவிடும் என்று படம் போட்டுக் காட்டினேன். மூன்றாம் வரிசையில் ஒரு பெண் வாயைப் பிளந்து கொட்டாவி விட்டாள். அடுத்து இவள் எழுந்தாள். படமும் இல்லை, ஒன்றும் இல்லை. ஒரு குழந்தையைக் கண்ணைக் கட்டி நிறுத்தினாள், இன்னொருத்தியை அம்மா என்று தள்ளி நிறுத்திக் கூப்பிடச் சொன்னாள். மற்ற எல்லோரும் படகு. "கத்துங்க" என்றதும் கூரை பறந்தது. கண் கட்டிய குழந்தை அம்மாவின் குரல் கேட்காமல் சுவரில் போய் முட்டிக்கொண்டாள். "இப்ப மெதுவா, மூச்சு மட்டும்" என்றாள். குழந்தை நேராக அம்மாவிடம் போய்ச் சேர்ந்தாள். கொட்டாவி விட்டவளே எழுந்து நின்று பார்த்தாள்.

நல்ல யோசனைதான். எனக்கு ஏன் தோன்றவில்லை? வங்கிக் கவுண்டரில் வருவோர் போவோரிடமெல்லாம் பேசிப் பழகிய வாய் அவளுக்கு. நான் யாரிடம் பேசுகிறேன், 'மூச்சைப் பிடிங்க, அசையாதீங்க' என்பதைத் தவிர?

வாசல் வரை வழியனுப்ப வந்த தலைமையாசிரியை என் கையைப் பிடித்துக்கொண்டு, "அடுத்த தடவையும் அந்த மேடத்தைக் கண்டிப்பா கூட்டிட்டு வாங்க" என்றார். நான் சிரித்தேன். வயிறு எரிந்தது.

ஜூலை 4, வியாழன்

துறைமுக அலுவலகத்திலிருந்து அறிவிப்பு வந்துவிட்டது. 25ஆம் தேதி கருத்துக்கேட்புக் கூட்டம். கழிமுகத்திலும் அதை ஒட்டிய கடலிலும் படகுகள் எங்கெங்கே வேகத்தைக் குறைக்கவேண்டும் என்று அன்று எல்லைக்கோடு போடுவார்கள். டால்பின்கள் எங்கே நிரந்தரமாக இருக்கின்றன என்று நாங்கள் காட்டும் இடம்தான் எல்லை. சும்மா கடந்து போகும் இடம் கணக்கில் வராது.

உல்லாசப் படகு விடுகிறவர் ஒருவர் இருக்கிறார், நாங்கள் 'ஸ்பீடு' என்று கூப்பிடுவோம். வழியில் பார்த்து, "என்ன மேடம், மீனுக்கெல்லாம் டிராபிக் போலீஸ் வேலை பாக்குறீங்க போல" என்றார். மீன் இல்லை என்று எத்தனை தடவைதான் சொல்வது.

ஜூலை 7, ஞாயிறு

இவளுக்கு மச்சம்தான். இன்றைக்குக் கழிமுகத்தைத் தாண்டி, கரை வளையும் வடக்கு வளைவில் ஒரு தாயையும் குட்டியையும் பார்த்திருக்கிறாள். அந்தப் பக்கம் நாங்கள் யாரும் அதிகம் போனதில்லை. அங்கே வலை போடுகிறவர்களிடம் பேச்சுக் கொடுத்திருக்கிறாள். அவர்கள் எந்நேரமும் பார்க்கிறார்களாம், இங்கேயே குடியிருக்கிறது என்றார்களாம்.

புதிதாக ஒன்றைக் கண்டவர்தான் பெயர் வைக்கவேண்டும் என்பது குழு வழக்கம். 'சீமாட்டி' என்று வைத்துவிட்டாள். எல்லோரும் கைதட்டினார்கள். ஆறு வருஷத்தில் நான் பெயர் வைத்தது ஒன்றே ஒன்றுக்கு. துடுப்பில் வெள்ளைத் தழும்பு இருக்கும், அதனால் 'தழும்பி'. அன்றைக்கு யாரும் கைதட்டியதாக ஞாபகம் இல்லை.

சீமாட்டியாம். பேரைப் பாரு.

ஜூலை 10, புதன்

மாட்டிக்கொண்டாள்!

சீமாட்டியின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பின்விளிம்பின் நடுவே ஒரு பள்ளம். தழும்பிக்கும் அங்கேதான் பள்ளம். இவள் எடுத்தது இடது பக்கம். என்னிடம் இருக்கும் தழும்பி படங்களில் தெளிவானவை எல்லாம் வலது பக்கம். அதனால் இவள் படத்தை வலம் இடமாகத் திருப்பிப் பக்கத்தில் வைத்தேன். பள்ளம் பொருந்துகிறது. வெள்ளைத் தழும்பும் அப்படியே பொருந்துகிறது. அச்சு அசல். சீமாட்டியாவது ஒன்றாவது, அது என் தழும்பி!

பாடிக்கொண்டே சமைத்தேன். வீட்டுக்காரர் என்ன விசேஷம் என்றார். ஒன்றும் இல்லை என்றேன்.

ஜூலை 14, ஞாயிறு

குழுக் கூட்டம். அவளிடம் முன்கூட்டிச் சொல்லியிருக்கலாம். ஒரு போன் போதும். செய்யவில்லை. எல்லோர் முன்னாலும் சுவரில் இரண்டு படங்களையும் போட்டேன். முதலில் தனித்தனியாக, பிறகு ஒன்றைத் திருப்பி. "நம்ம பழைய ஆளுதான், புதுப் பேர்ல வந்திருக்காங்க" என்று சொல்லிச் சிரித்தேன். எல்லோரும் சிரித்தார்கள்.

அவள் முகத்தில் ஈயாடவில்லை. "இல்லக்கா, வலைக்காரங்க அங்கேயே இருக்குன்னு..." என்று ஆரம்பித்தாள். "கேள்விப்பட்டதெல்லாம் கணக்குல வராதும்மா" என்றேன். பேராசிரியர் சார், "பொருத்துறது அவங்க பொறுப்பு, அவங்க சொன்னா சரிதான்" என்று முடித்துவிட்டார்.

ரொம்ப நாளுக்கப்புறம் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

ஜூலை 17, புதன்

கூட்டத்தில் கொடுக்கப்போகும் வரைபடத்திலிருந்து வடக்கு வளைவை எடுத்துவிட்டார்கள். தழும்பி கழிமுகத்து வாசி, வளைவுக்குச் சும்மா போய்வருகிறாள் என்று ஆகிவிட்டதல்லவா. ஸ்பீடுக்கு யார் சொன்னார்களோ, வளைவுக்குப் புதுச் சவாரி விடப்போவதாகப் படகுத்துறையில் பலகை வைத்துவிட்டார்.

கொழுந்தன் பேசுவதில்லை. தெருவில் பார்த்தால் "என்ன அண்ணி" என்று ஓடிவருகிறவர், இன்று எதிர்ப்பக்கம் போய்விட்டார்.

ஜூலை 22, திங்கள்

இதை எழுதி வைத்துவிடவேண்டும்.

இன்று மத்தியானம் ஒரு பெரியவர் விழுந்து கை வீங்கி வந்தார். படம் எடுக்கும்போது பக்கத்தில் இடது, வலது என்று காட்ட ஈய எழுத்து ஒன்று வைப்போம். அதை வைக்கும்போது வழக்கம்போல என் உதவியாளுக்குச் சொன்னேன்: "திருப்பிப் போட்டா எலும்பு ஒண்ணுபோலத்தான் தெரியும். எந்தப் பக்கம்னு எழுத்துதான் சொல்லும்."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே தூக்கிவாரிப் போட்டது.

பள்ளம் துடுப்பை ஊடுருவி இருக்கும். எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் தெரியும். படத்தைத் திருப்பினால் பொருந்தும், சரி. தழும்பு அப்படி இல்லையே! அது மேல்தோலில், ஒரு பக்கம் மட்டும் இருப்பது. வலது கன்னத்து மச்சம் இடது கன்னத்துக்கு வருமா? தழும்பியின் தழும்பு வலது பக்கம் மட்டும்; இடது பக்கம் வெறுமை என்பது பழைய கலங்கல் படங்களிலேயே தெரியும். சீமாட்டியின் தழும்பு இடது பக்கம். திருப்பிய பிறகு தழும்பு பொருந்தினாலே அது வேறு ஆள் என்றுதான் அர்த்தம்.

அச்சு அசல்னு பாடிக்கிட்டே சமைச்சேனே. இது தெரியாதவளா நான்? தெரியும். அன்னைக்கு எனக்குத் தெரிஞ்சுக்க இஷ்டமில்ல. அவளா இல்லாம வேற யாரோ எடுத்த படமா இருந்தா, நாலு தடவை பார்த்திருக்க மாட்டேனா?

ஜூலை 23, செவ்வாய்

யாரிடமும் சொல்லவில்லை.

கூட்டத்தில் வரைபடம் அப்படியே போகட்டும், அடுத்த வருஷம் மெதுவாகத் திருத்திக்கொள்ளலாம் என்று ஒரு மனசு சொல்கிறது. அதுவரை குட்டி இருக்குமா? ஸ்பீடு பலகை வைத்தாகிவிட்டது.

அவளுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. உண்மையைச் சொன்னால், எடுக்காமல் இருந்தால் தேவலை என்றுதான் போட்டேன்.

ஜூலை 25, வியாழன்

பேராசிரியர் சார் வரைபடத்தைக் காட்டிப் பேசி உட்கார்ந்ததும் நான் எழுந்தேன். என் பெயர் பட்டியலிலேயே இல்லை. "இந்த வரைபடத்துல ஒரு தப்பு இருக்கு, பண்ணினது நான்" என்றேன். இரண்டு படங்களையும் அதிகாரியின் மேசையில் வைத்துக் கன்னத்து மச்சக் கதையைச் சொன்னேன்.

ஸ்பீடு விடுவாரா? "பாத்தீங்களா சார், இவங்களுக்குள்ளேயே ஆளுக்கொண்ணு சொல்றாங்க. இதை நம்பி நாங்க பொழப்ப விடணுமா?" கூட்டம் சிரித்தது. சிரிப்பு எப்படிச் சுடும் என்று எனக்கும் தெரிந்தது.

அதிகாரி படங்களை மாற்றி மாற்றிப் பார்த்தார். "முன்னாடி ஒண்ணுன்னு சொன்னவங்க யாரு?" "நான்தான்." "இப்ப ரெண்டுன்னு சொல்றவங்க?" "அதுவும் நான்தான்." அவருக்கே சிரிப்பு வந்தது போல. வெளியாள் ஒருவரை வைத்துச் சரிபார்த்துவிட்டு வளைவைப் பற்றி முடிவு சொல்வதாக எழுதிக்கொண்டார்.

அவள் பின்வரிசையில் இருந்தாள். கூட்டம் முடிந்து நான் திரும்புவதற்குள் போய்விட்டாள்.

ஜூலை 28, ஞாயிறு

அவள் வீட்டுக்குப் போனேன். உட்காரச் சொன்னாள், தண்ணீர் கொடுத்தாள். கட்டிப்பிடித்து அழுவாள் என்று நினைத்தேனோ என்னவோ.

"தப்பு யாரு வேணா பண்ணுவாங்க அக்கா. அதுக்கு எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா நீங்க அன்னைக்குச் சிரிச்சீங்க."

"ஆமா, சிரிச்சேன்" என்றேன்.

"நான் உங்களைப் பாத்துதான் இதுல சேர்ந்தேன். எங்க கல்யாணத்துக்கு வந்தப்பகூட நீங்க டால்பினப் பத்தியே பேசிட்டிருந்தீங்க. அத்தனை பேர்ல நான் ஒருத்திதான் உக்காந்து கேட்டேன்."

எனக்கு உன்மேல் பொறாமை என்றேன். சொல்லியே விட்டேன். "தெரியும்" என்றாள். காலி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

சரிபார்க்க வந்தவர் இரண்டும் வேறு வேறு என்று எழுதிக் கொடுத்துவிட்டார். வடக்கு வளைவு எல்லைக்குள் வந்துவிட்டது. மஞ்சள் மிதவைகள் கட்டியிருக்கிறார்கள். ஸ்பீடின் படகு அங்கே வந்ததும் மூச்சை அடக்கிக்கொண்டு ஊர்வதைப் பார்க்க நன்றாக இருந்தது.

பொருத்தும் வேலையிலிருந்து நானே விலகிக்கொண்டேன். சார் வேண்டாம் என்று தடுக்கவில்லை. தடுப்பார் என்று எதிர்பார்த்தேன். இனி அந்தப் பொறுப்பு அவளுக்கு. சொல்லிக்கொடுக்க வேண்டியவள் நான். வாரம் இரண்டு சாயங்காலம் வருகிறாள். வேலையைத் தவிர வேறு பேச்சு இல்லை. சீக்கிரம் பிடித்துக்கொள்கிறாள், அதுவேறு எனக்கு எரிச்சல்.

செப்டம்பர் 8, ஞாயிறு

காலையில் வளைவில் என் முறை. சீமாட்டி அருகிலேயே வந்தாள், குட்டி விலாவோடு ஒட்டிக்கொண்டு. அவர்களுக்குப் பின்னால் இன்னொன்று, நான் இதுவரை பார்க்காத துடுப்பு. படபடவென்று எடுத்தேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பெயர் யோசித்துக்கொண்டே வந்தேன்.

சாயங்காலம் அவள் போனில் பதில் அனுப்பியிருந்தாள். "படம் கலங்கலா இருக்கு. எந்தப் பக்கம்னே தெரியல. சேர்க்க முடியாது, மறுபடி எடுங்க."

சுருக்கென்று வந்தது. வேண்டுமென்றே செய்கிறாள் என்று படத்தைப் பெரிதாக்கி, சிறிதாக்கி, வெளிச்சம் கூட்டிப் பார்த்தேன். கலங்கல்தான். நானாக இருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பேன் என்று எழுத வந்தேன். அது பொய். அவள் படமாக இருந்தால் சொல்லியிருப்பேன். என் படமாக இருந்தால் சேர்த்திருப்பேன்.

படத்தை அழித்துவிட்டேன்.