அத்தைக்குச் சொல்லாதே

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே என் தொண்டையைத் தவிர எல்லோரும் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் தொண்டை உட்பட சுகமாக இருக்க வேண்டும்.

போனில் அப்பா சொன்னதைக் கேட்டு அழுதாயாமே, எதற்கடி அழுகை. தொண்டைக்குள் வீக்கம், அவ்வளவுதான். மூன்று வாரம் வாயே திறக்கக் கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது என்றார் டாக்டர். உன் அப்பா அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார், அதை நான் மறக்கமாட்டேன். பேத்தி விட்டுப்போன சிலேட்டில்தான் எல்லாம் எழுதிக் காட்டினேன். நான் படித்த மூன்றாம் வகுப்புக்கு ஒரு வரி முடிவதற்குள் சண்டையே ஆறிப்போகிறது.

சேதி கேட்டு உன் அத்தை வந்தாள். ஆமாம், அவளேதான். உன் கல்யாணத்தன்று பத்தேகால் மணிக்கு, நான் தைத்த உன் நீலச் சட்டையைப் பார்த்து, தையல் பிரிஞ்சிருக்கு அண்ணி என்று பத்துப் பேர் நடுவில் சொன்னவள். ஒன்பது வருஷம் நாலு மாசமாக நம் வாசலை மிதிக்காதவள். எனக்கு வாய்ப்பூட்டு என்று தெரிந்த தைரியத்தில் தையல் மெஷின் பக்கத்திலேயே முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். நான் அந்தத் தையல் பேச்சைத்தான் முதலில் எழுத ஆரம்பித்தேன், முடிப்பதற்குள் அவள் மிச்சத்தையும் சொல்லிவிட்டாள். யாரும் பார்க்கிறதுக்குள்ள நானே ரெண்டு தையல் போட்டுடுறேன் என்று சொல்ல வந்தாளாம், பாதியிலேயே நான் பாய்ந்துவிட்டேனாம். அவள் மெதுவாகத்தான் சொன்னாளாம், பத்துப் பேரைத் திரும்பிப் பார்க்க வைத்தது என் கூச்சலாம். பொய் என்று எழுதப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். அன்று அவள் கையில் நீல நூல் கோத்த ஊசி இருந்தது எனக்கே ஞாபகம் இருக்கிறது. மணியைக்கூட மறக்காத நான், அந்த ஊசி எதற்கு என்று ஒருநாளும் யோசிக்கவில்லையே. எழுதியதை உள்ளங்கையால் அழித்துவிட்டேன்.

அன்றிலிருந்து தினமும் வருகிறாள். நான் தைக்கிறேன், அவள் பட்டன் வைத்துக்கொண்டே ஒன்பது வருஷக் கதையைச் சொல்கிறாள், சத்தமில்லாமல் சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலிக்கிறது. நோய் நல்லது என்று சொல்லமாட்டேன், எச்சில் விழுங்கினாலே முள்ளாகக் குத்தியது. ஆனாலும் நீங்கள் எல்லோரும் கெஞ்சி நடக்காததை இந்த வீக்கம் நடத்திவிட்டது. சிலேட்டில் பழகிய கைதான் இந்தக் கடிதத்தையும் எழுதுகிறது. முன்பெல்லாம் நான் சொல்லச் சொல்ல உன் அப்பா எழுதுவார், பாதியை விழுங்கிவிடுவார்.

வேளைக்குச் சாப்பிடு, பேத்தியைத் திட்டாதே. மூவரும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் இருங்கள். ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். பேசலாம் என்று டாக்டர் போன திங்கட்கிழமையே சொல்லிவிட்டார். அத்தைக்கு இன்னும் தெரியாது, தெரிந்தால் வருவதை நிறுத்திவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது. உன் அப்பா சொல்லமாட்டார், இந்த அமைதி அவருக்குப் பிடித்துப்போயிற்று. அவளுக்குப் போன் செய்தால் நீயும் உளறிவிடாதே. நேற்று ஒரு சட்டையின் மேல்பட்டனைக் கோணலாக வைத்தாள். நாக்கு நுனிவரை வந்தது, விழுங்கிவிட்டேன். அவள் போன பிறகு பிரித்து நானே வைத்தேன்.

இப்படிக்கு,
இன்னும் வாய் திறக்காத உன் அம்மா