சுற்றும்போது மினுங்கிய சுவர்

நேற்று எங்கள் அலுவலகத்துக்குப் புதுக் கணினி ஒன்று வந்தது. திரையில் படங்களைக் காட்டும் அதன் கிராபிக்ஸ் கார்டை வெள்ளி நிற உறையிலிருந்து உருவியபோது புது பிளாஸ்டிக்கும் லேசான எண்ணெயும் கலந்த மாதிரி ஒரு வாசனை எழுந்தது. கையிலிருந்த வேலையை அப்படியே விட்டுவிட்டு எழுந்து நின்றேன். செங்கல் கனம் இருந்தது அந்தக் கார்டு, மூன்று விசிறிகளோடு. பெட்டியைத் திருப்பிச் சின்ன எழுத்துகளைப் படிக்க ஆரம்பித்தேன். எல்லாம் பார்த்துத்தான் வாங்கியிருக்கிறோம் மேடம் என்றார்கள் பக்கத்திலிருந்தவர்கள். அதன்பிறகு என்னால் உட்காரவே முடியவில்லை. நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. உன்னிடம் பேசியே ஆகவேண்டும் போலிருந்தது.

இரண்டாயிரத்து நான்கு வாக்கில் ஒரகடத்தில், பிளாஸ்டிக் பாகங்களுக்கான இரும்பு அச்சுகள் செய்யும் அந்தச் சின்னக் கம்பெனியில் சேர்ந்தோம். நான் ஸ்ரீபெரும்புதூர்க்காரி, அப்பா கோயில் கைங்கரியத்தில் இருந்தவர். நீ தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து சேரப்பணஞ்சேரியில் வேறு பெண்களோடு அறை எடுத்துத் தங்கியிருந்தாய். நாம் கணினியில் வரைவதை வைத்துத்தான் கீழே டூல்ரூமில் இரும்பை வெட்டுவார்கள். உன் நாற்காலி ஒரு நிமிஷம் சும்மா இருந்ததில்லை. கால் ஆடும், பேனா மூடி மேசையைத் தட்டும், எழுந்து ஜன்னலுக்குப் போய்த் திரும்பி வருவாய். பக்கத்தில் உட்கார்ந்திருந்தே அந்தப் பரபரப்பு எனக்கும் ஒட்டிக்கொண்டது.

உன்னைப் படுத்தியதே அந்தக் கம்பெனியின் பழைய கார்டுதான். முப்பத்திரண்டு எம்.பி. மெமரி, விசிறி கிடையாது. அச்சின் படத்தைத் திருப்பினால், திருப்பும் நேரம் முழுக்க வெறும் கோடுகளாக, எலும்புக்கூடு மாதிரி சுற்றும். கையை எடுத்த பிறகுதான் யோசித்து யோசித்து மேற்பரப்பை நிரப்பும். "உயிர வாங்குது பிள்ள இது" என்பாய். புதுசு வேண்டும் என்று முதலாளியை நீ விடவே இல்லை. கடைசியில் அவர் நம் இருவரையும் சென்னை ரிச்சி தெருவுக்கு அனுப்பினார்.

கடைக்காரர் இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார். இரண்டிலும் நூற்று இருபத்தெட்டு எம்.பி. என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அந்த மாதம்தான் வந்த மாடல் ஒன்று, போன வருட மாடல் ஒன்று. புதுசையே வாங்கிவிடலாம் என்று நான் சொன்னேன். நீ பின்பக்கத்தைப் படித்துவிட்டுப் புதுசைத் தள்ளி வைத்தாய். மெமரிக்குப் போய்வரும் பாதை அதில் அறுபத்து நாலு பிட்தான், போன வருட மாடலில் இரண்டு மடங்கு. "குடோன் பெருசா இருந்து என்ன செய்ய? லாரி போக ரோடு வேண்டாமா?" என்று கேட்டாய். அந்த வருடம் நம் நெடுஞ்சாலையில் தினமும் மாட்டிக்கொண்டு நின்ற எனக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

போன வருட மாடலைப் பொருத்தியதும் படம் பம்பரமாகச் சுற்றியது. சுற்றும்போதே மேற்பரப்பு முழுசாக நின்றது. முதலாளி டூல்ரூம் ஆட்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். அப்போதுதான் நீ வரைந்திருந்த மின்விசிறி உறையின் அச்சில், ஒரு மெல்லிய சுவரின் மேல் ஏதோ மினுங்கியது. திருப்பத் திருப்ப ஒரு கோடு தோன்றித் தோன்றி மறைந்தது. முதலாளியின் முகம் சுருங்கிவிட்டது.

"இன்னாமா இது, புச்சா வாங்கினது இப்டி மினுக்குது? பழசே நல்லா கீது. கயட்டிக் குடுத்துட்டு வந்துடு."

மறுநாள் நீ பழைய கார்டை மாட்டினாய். மினுக்கம் இல்லை. புதுக் கார்டுதான் கோளாறு என்று எல்லாரும் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். ஆனால் நீ உட்காரவில்லை. நான் வரைந்திருந்த வேறொரு அச்சைப் பழையதிலும் புதியதிலும் மாற்றி மாற்றிப் போட்டுச் சுற்றினாய். புதுக் கார்டிலும் அது சுத்தமாக நின்றது. உன் படத்தைத் திரும்பவும் போட்டாய், அதே சுவர் மினுங்கியது. உன் கால் ஆட்டம் நின்றுபோனதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

கோளாறு கார்டில் இல்லை. வாடிக்கையாளர் அந்தச் சுவரின் தடிமனை மாற்றச் சொல்லியிருந்தார். நீ மாற்றியிருந்தாய், ஆனால் பழைய பரப்பை அழிக்க மறந்திருந்தாய். முடியளவு இடைவெளியில் இரண்டு பரப்புகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டிருந்தன. பழைய கார்டு சுற்றும்போது வெறும் கோடுகளைத்தானே காட்டியது, மினுக்கம் தெரிவதோ சுற்றும்போதுதான், அதனால் யார் கண்ணிலும் படவில்லை.

அந்தப் படம் ஏற்கெனவே டூல்ரூமுக்குப் போயிருந்தது. இரும்பை மெஷினில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அப்படியே வெட்டினால் அச்சு கெட்டுவிடும். உன் வேலை நிரந்தரமாக வேண்டிய மாதம் வேறு. கார்டு கெட்டது என்றே இருக்கட்டும், ஏதாவது திருத்தம் என்று சொல்லிப் படத்தை மாற்றிவிடலாம் என்று நான் தயங்கித் தயங்கிச் சொன்னேன். நீ என்னைக் கோபிக்கவில்லை. "பாவம் பிள்ள, அந்தக் கார்டு என்ன செஞ்சிச்சு?" என்று கேட்டுவிட்டு நேராகப் படியிறங்கிப் போய் மெஷினை நிறுத்தச் சொன்னாய். பிறகு முதலாளியிடம் போய் உன் தப்பை ஒப்புக்கொண்டாய்.

அவர் எல்லார் முன்னாலும் கத்தினார். அச்சு தாமதமாகத்தான் போனது. உன்னை நிரந்தரமாக்குவதை ஆறு மாதம் தள்ளிப்போட்டார். அதுவரை நீ காத்திருக்கவில்லை, ஓசூரில் வேலை தேடிக்கொண்டு போய்விட்டாய். கார்டு மட்டும் கம்பெனியிலேயே இருந்தது. நீ இல்லாத அறையில் படம் வேகமாகச் சுற்றியது. எனக்குத்தான் ஒன்றும் ஓடவில்லை.

அப்புறம் எத்தனையோ ஊர், எத்தனையோ கம்பெனி. போனில் பேசும்போதெல்லாம் புதிதாக வந்த கார்டுகளைப் பற்றித்தான் முதலில் கேட்பாய். கடைசியாக ஆஸ்பத்திரியிலிருந்து பேசினாய். குரல் தேய்ந்திருந்தது, வேகம் குறையவில்லை.

"மொத ஸ்கேன்ல ஒண்ணுமில்லன்னுதான் சொன்னாவ. நாந்தான் விடல. இங்க வந்து புது மெஷின்ல பாத்தா நல்லாத் தெரிஞ்சிட்டு. தெரியாமலே இருந்திருந்தா நிம்மதியா இருந்திருப்பேன்னு வீட்ல அழுதாவ. எனக்கு அந்த நிம்மதி ஆகாது பிள்ள."

நான் அழுதேன். நீ மெஷினைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தாய். இரண்டு மாதத்தில் உன் தம்பி போன் செய்தார்.

நீ போன பிறகு, நான் வெகுநாளாகத் தள்ளிப்போட்டு வந்த ஒரு பரிசோதனைக்குப் போனேன். ஒன்றுமில்லை, பயப்படாமல் போங்கள் என்றாள் அங்கிருந்த பெண். வாசல் வரை வந்துவிட்ட நான், திரும்பிப் போய், எந்த மெஷினில் பார்த்தீர்கள், அது எவ்வளவு பழசு என்று கேட்டேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பதில் சொல்லும்வரை நான் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. கீழே பார்த்தபோதுதான் தெரிந்தது, என் கால் ஆடிக்கொண்டிருந்தது.